தாய்மாமன் மடியும் துபாய் நேரமும்

திருவனந்தபுரத்துக்கும் துபாய்க்கும் இடையே எவ்வளவு தூரம், விமானத்தில் எவ்வளவு நேரம் என்ற கேள்வி எங்கள் வீட்டில் இரண்டு வருடத்துக்கு மேல் ஓடியது. இன்று யாரைக் கேட்டாலும் நாலு மணி நேரம் என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் அப்படி இல்லை. சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் விமானத்தில் ஏறியவன் என் தம்பி ஒருவன்தான். அதனால் அந்தக் கேள்விக்கு ஆளாளுக்கு ஒரு பதில் வைத்திருந்தார்கள். இருப்பதிலேயே பெரிய பதில் என் மாமனாருடையது.

மாமனார் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். விருதுநகர்–தென்காசி பாதையில் அவர் வேலை பார்க்காத ஸ்டேஷன் கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு ஸ்டேஷனை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். காலையில் காப்பி வரவேண்டிய நேரம் ஒன்று உண்டு, சாப்பாட்டுக்கு ஒன்று, வெற்றிலைக்கு ஒன்று. சோறு பிந்தினால் கோபப்பட மாட்டார். கையைத் திருப்பி வாட்ச்சைப் பார்த்து, "இன்னைக்கு சோறு பத்து நிமிஷம் லேட்" என்று எல்லோருக்கும் அறிவிப்பார். நானும் அடுப்படியிலிருந்து, "சிக்னல் கிடைக்கல மாமா" என்பேன். எதையும் கத்தித்தான் சொல்லவேண்டும். வீட்டின் பின்கட்டில் என் கணவர் நான்கு விசைத்தறி போட்டிருந்தார். அந்தச் சத்தத்தில் பேசிப் பேசி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தொண்டை பெரிதாகிவிட்டது. கரண்ட் போனால்தான் நாங்கள் எவ்வளவு கத்துகிறோம் என்று எங்களுக்கே தெரியும்.

எனக்குப் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள இருந்தது தம்பி மட்டும்தான். அம்மா நான் பள்ளிக்கூடம் போகும்போதே போய்விட்டாள். என் கல்யாணம் முடிந்த மறு வருடம் அப்பாவும் போனார். தம்பி வயரிங் வேலை கற்றுக்கொண்டு எங்கள் வீட்டுக்கும் அவனுடைய வாடகை அறைக்குமாக அலைந்துகொண்டிருந்தான். நான் முதல் பிள்ளையை வயிற்றில் சுமந்திருந்தபோது அவனுக்குத் துபாயில் வேலை கிடைத்தது. புறப்படும் அன்று என் கணவர் ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தார். தினமும் சாவி கொடுக்கிற வகை. மாமனார் அதைப் பிடுங்கி, ரேடியோவில் மணி சொல்லும்வரை காத்திருந்து, முள்ளைத் திருப்பி வைத்துத் தம்பியின் கையில் தாமே கட்டிவிட்டார்.

"இது நான் வச்ச டயம். சாவி மட்டும் குடு. முள்ளுல கைய வச்ச, நடக்கிறதே வேற" என்றார்.

தம்பி தலையாட்டினான். அவன் எதற்குத்தான் தலையாட்டமாட்டான்.

பத்து நாள் கழித்து அவனிடமிருந்து முதல் கடிதம் வந்தது. நன்றாக இருக்கிறேன், சாப்பாட்டுக்குக் குறைவில்லை, வெயில்தான் நம்ம ஊரைத் தோற்கடித்துவிட்டது என்று எழுதியிருந்தான். பிறகு விமானத்தைப் பற்றி ஒரு பக்கம். திருவனந்தபுரத்தில் காலை எட்டு மணிக்கு ஏறினானாம். துபாயில் இறங்கி வெளியே வரும் வழியில் பெரிய கடிகாரம் ஒன்றில் பத்தரை மணி இருந்ததாம்.

மாமனார் கடிதத்தை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு என் கொழுந்தன் மகனுடைய பள்ளிக்கூட அட்லஸை எடுத்துவரச் சொல்லி, தறியிலிருந்து ஒரு நூலைப் பிய்த்து, திருவனந்தபுரத்தில் ஒரு முனையை வைத்து துபாய் வரைக்கும் நீட்டினார். அந்த நூலை அப்படியே தூக்கி இந்தியாவின் மேல் போட்டுப் பார்த்தார். நூலின் மறுமுனை டெல்லியையும் தாண்டி காஷ்மீரில் போய் விழுந்தது.

"ரெண்டரை மணி நேரத்துல காஷ்மீரா? நம்ம வண்டி ரெண்டரை மணி நேரத்துல விருதுநகர்லருந்து சங்கரன்கோவில் வந்து சேர்றதே பெரும்பாடு" என்றார்.

அவருக்கு அதில் வருத்தம்தான். வாழ்நாளெல்லாம் தான் கொடி காட்டி அனுப்பிய ரயிலை யாரோ மட்டம்தட்டிவிட்டதுபோல இருந்தார். அன்றைக்கு வெற்றிலையைக்கூடப் பிந்தித்தான் போட்டார்.

இரண்டு வருடம் எப்படியோ ஓடியது. எனக்குப் பெண் பிறந்தாள். தம்பிக்கு அவளுடைய போட்டோவை அனுப்பினேன். "அப்படியே என் மூக்கு" என்று எழுதினான். அவன் மூக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பிள்ளையின் நல்ல காலம், அது உண்மையில்லை. பிள்ளைக்கு மூன்றாம் வயது நடக்கும்போது காது குத்தவேண்டும் என்று அத்தை, அதாவது என் மாமியார், பேச்சை எடுத்தார். காது குத்துவது என்றால் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்காரவேண்டும். இதில் எங்கள் பக்கம் சமாதானமே கிடையாது. தகப்பன் இல்லாமல்கூடக் காது குத்திவிடலாம், தாய்மாமன் இல்லாமல் முடியாது. தம்பியின் விடுமுறையும் அந்த ஆனி மாதத்தில்தான் வந்தது. ஒரு புதன்கிழமையைக் குறித்தார்கள். பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள் நேரம். பன்னிரண்டு அடித்தால் ராகுகாலம் பிறந்துவிடும். நான் தம்பிக்கு எழுதினேன். நம்மூர் நேரம் என்பதற்குக் கீழே கோடும் போட்டேன்.

அவன் பதில் எழுதினான். செவ்வாய்க்கிழமை ராத்திரி பதினொன்றரைக்குத் துபாயில் ஏறுகிறான். புதன்கிழமை காலை ஐந்து மணிக்குத் திருவனந்தபுரத்தில் இறங்குகிறான். டாக்சி பிடித்து, ஊசி பிள்ளை காதைத் தொடும் முன்னால் கோயிலில் நிற்பானாம். கார் எதுவும் அனுப்பவேண்டாமாம்.

இந்த இடத்தில்தான் வீடு இரண்டாகப் பிளந்தது. போகும்போது இரண்டரை மணி நேரம், வரும்போது ஐந்தரை மணி நேரமா? அதே விமானம், அதே தூரம்.

அத்தைக்குச் சந்தேகமே இல்லை. "போறப்ப வெறுங்கைய வீசிக்கிட்டுப் போறானுவ. வாரப்ப ஆளுக்கு ரெண்டு பெட்டி, டேப் ரிக்கார்டர், கம்பளி. பாரம் ஏத்தின வண்டி மெதுவாத்தான வரும்?" என்றார்.

மாமனார் சிரித்தார். "பாரத்துக்கு அரை மணி நேரம் வச்சுக்கோ. மிச்சம் ரெண்டரை மணி நேரம் எங்க போச்சு? கிராசிங்! எதுத்தாப்ல வார விமானத்துக்கு வழி விட்டு நிக்கான். வாரவனத்தான் எப்பவும் நிப்பாட்டி வைப்பானுவ" என்றார்.

"வானத்துல எங்க மாமா நிப்பாட்டுவாக?" என்றேன்.

"அத நீ அவன்ட்ட கேளு. எனக்கு ஆகாயத்துல சர்வீஸ் கிடையாது."

கடையநல்லூரிலிருந்து ஒரு பாய் மாதம் ஒருமுறை எங்களிடம் சேலை எடுக்க வருவார். அவருடைய மகன்கள் இரண்டு பேர் துபாயில் இருந்தார்கள். அந்த மாதம் அவர் வந்தபோது, மாமனார் சேலைக் கட்டைப் பிரிக்கவிடாமல் கேள்வியை அவர் முன் வைத்தார். பாய் காப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார்.

"அண்ணாச்சி, கிராசிங்கும் இல்ல, பாரமும் இல்ல. போனாலும் நாலு மணி நேரம், வந்தாலும் நாலு மணி நேரம். அங்கன சூரியன் நமக்குப் பொறவுதான் உதிக்கும். நான் இங்க விடியக்காலைல சுபுஹு தொழுதுட்டு, டீயும் குடிச்சுட்டு, கடையும் தொறந்த பொறவுதான் எம் மவன் அங்கன சுபுஹுக்கு எந்திரிக்கான். அவுகளுக்கு நம்மளவிட ஒன்றரை மணி நேரம் கம்மி. இங்க ஏறுதப்ப நம்ம மணி, அங்கன எறங்குதப்ப அவுக மணி. அதான் கணக்கு உதைக்குது."

இந்தியா முழுக்க ஓடும் வண்டிக்கு ஒரே நேரம் வைத்துப் பழகிய மாமனாருக்கு, ஒரே நொடியில் இரண்டு மணி சரியாக இருக்க முடியும் என்பது செரிக்கவில்லை. இரண்டு நாள் அட்லஸும் கையுமாக இருந்தார். மூன்றாம் நாள் ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டது மட்டுமில்லை, தானே கண்டுபிடித்தவர்போல ஆகிவிட்டார். தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "இப்ப துபாய்ல மணி என்ன தெரியுமாவே?" என்று கேட்பார். பால்காரர் எங்கள் தெருவுக்கு வருவதற்கே யோசித்தார்.

காது குத்து நாள் வந்தது. சங்கரநயினார் கோயிலின் வெளிப்பிரகாரத்து மண்டபம் ஒன்றில் ஜமுக்காளம் விரித்தோம். பத்தரைக்கு எல்லாம் தயார். ஆசாரி தன் சாமான்களை வெள்ளைத் துணியில் பரப்பிவிட்டார். மணைப்பலகை போட்டாயிற்று. பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை கட்டி, தலைநிறையப் பூவும் வைத்தாயிற்று. மடி மட்டும் வரவில்லை.

என் பெரியப்பா மகன் ஒருவர் வந்திருந்தார். எனக்கு அண்ணன் முறை. என் பிள்ளைக்கு அவரும் மாமாதான். ரயிலில் ஒரு என்ஜின் கெட்டால் இன்னொன்றை மாட்டுவதில்லையா என்று மாமனார்தான் அவரை முன்னேற்பாடாக வரச் சொல்லியிருந்தார். அண்ணன் நல்ல மனிதர். ஆனால் அப்பாவின் காரியத்துக்கு வந்து, பந்தி முடிந்ததும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போனவர். அதன் பிறகு நானும் தம்பியும் இருக்கிறோமா என்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. அவர் மடியில் என் பிள்ளை உட்கார்ந்தால் என் பிறந்த வீடு இல்லை என்று ஊர் முன்னால் நானே ஒப்புக்கொண்டதுபோல ஆகிவிடும் என்று எனக்கு இருந்தது. அண்ணனோ புது வேட்டி, புதுத் துண்டு, தட்டில் பழம், பாவாடைத் துணி என்று சகல ஏற்பாட்டோடு வந்து மணைப்பலகைக்குப் பக்கத்திலேயே நின்றார்.

பதினொன்று ஆயிற்று. அத்தை, "எம்மா, ஆரம்பிச்சிருவமா?" என்றார்.

"பிள்ளை பால் குடிக்கணும் அத்தை" என்றேன். பிள்ளை பால் குடியை மறந்து பல மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் தூக்கிக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

திரும்பி வந்தபோது அண்ணன் மணைப்பலகையில் உட்கார்ந்திருந்தார். "ஜிமிக்கியக் காணல" என்றேன். எல்லோரும் தேடினார்கள். அண்ணனும் எழுந்து தேடினார். ஜிமிக்கி என் இடுப்பு முடிச்சில் இருந்தது. கொஞ்ச நேரம் தேடவிட்டு, ஜமுக்காளத்துக்கு அடியில் கிடைத்ததுபோல எடுத்துக் கொடுத்தேன். அண்ணன் மறுபடி உட்கார்ந்தார். நான் சாமியைக் கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனேன். அம்பாள் சன்னதியில் நின்று, "அவன் வந்ததும் நானே நாலு சாத்து சாத்துதேன். நீ அவன கொண்டுவந்து மட்டும் விட்டுரு" என்று வேண்டிக்கொண்டேன்.

வெளியே வந்தபோது என் கணவர் என் முகத்தையே பார்க்கவில்லை. ஆசாரி கொட்டாவி விட்டார். மாமனார் தன் வாட்ச்சைப் பார்ப்பதும், தெற்கே பார்ப்பதுமாக இருந்தார்.

"விமானம் அஞ்சுக்கு எறங்கிருக்கும். பெட்டி எடுக்க ஒன்றரை மணி நேரம் வையி. ஆறரைக்குக் கெளம்பினாலும் பதினொண்ணே காலுக்கு வந்திருக்கணும். எங்கன நிக்கான்?" என்றார்.

அப்போதுதான் ஊர்ச் சங்கு ஊதியது. பகல் பன்னிரண்டு மணிக்கு ஊதும் சங்கு. சங்கரன்கோவிலில் அந்தச் சத்தத்தைக் கேட்டால் கடைக்காரர்கள்கூட வாட்ச்சைத் திருப்புவார்கள். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தால் கூடவே ஆத்திரமும் வரும். அன்றைக்கு எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

அர்ச்சகர் வந்து, "எப்படியும் பன்னண்டே முக்காலுக்கு நடை சாத்திடுவேன். செய்றதா இருந்தா சீக்கிரம்" என்றார். ராகுகாலத்தில் செய்வதா என்று அத்தை நாக்கைக் கடித்துக்கொண்டார். ராகுகாலம் முடிந்து செய்யலாம் என்றால் கோயில் பூட்டியிருக்கும். இன்னொரு நாள் பார்க்கலாம் என்று யாரோ சொன்னார்கள். தம்பியின் விடுமுறை முடிவதற்குள் வேறு நாள் கிடையாது, மாதம் முடிந்தால் ஆடி பிறந்துவிடும் என்று இன்னொருவர் சொன்னார். அண்ணன் தன் தட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

பன்னிரண்டு இருபதுக்குக் கோபுர வாசலில் ஒரு டாக்சி வந்து நின்றது.

முன்கதவு திறந்து தம்பி இறங்கினான். கறுத்திருந்தான், நன்றாகச் சதை போட்டிருந்தான். தலைமுடி ஈரமாக இருந்தது. கழுத்தைச் சுற்றி ஈரத் துண்டு. ஒரு கையில் அல்வாப் பொட்டலம். ஆள் ஒரு அவசரமும் இல்லாமல், தேரோட்டம் பார்க்க வந்தவன்போலச் சிரித்துக்கொண்டே வந்தான்.

"எக்கா! நல்ல சாரல். ஐந்தருவியில கூட்டமே இல்ல. ரெண்டு வருசமாக் கெணத்துத் தண்ணியக்கூடப் பாக்காதவன்லா, ஒரு முங்கு முங்கிட்டுத்தான் வந்தேன். பிள்ளைய மடியில வைக்கிறதுக்குக் குளிச்சுட்டு வரணும்லா? நேரம் இருக்குல்லா?"

குற்றாலத்தில் குளித்திருக்கிறான். நான் இங்கே ஜிமிக்கியை மடியில் கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன், அவன் அங்கே அருவியில் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

"ஏலே, சங்கு ஊதிட்டுலே! மணி என்னன்னு தெரியுமா ஒனக்கு?"

"பதினொண்ணுகூட ஆகலியே எக்கா" என்றான் உறுதியாக. பிறகு சுற்றி நின்றவர்களின் முகத்தைப் பார்த்தான். அண்ணன் கையில் தட்டு இருப்பதைப் பார்த்தான். அவன் முகம் அப்படியே வாடிப்போயிற்று. அதைப் பார்த்த பிறகு என்னால் சாத்த முடியவில்லை.

அவன் "பதினொண்ணுகூட ஆகலியே" என்று சொன்னது மட்டும் என் காதில் நின்றது. பன்னிரண்டு இருபதில் ஒன்றரை மணி நேரம் போனால் பத்து ஐம்பது. இந்தக் கணக்கு எங்கள் வீட்டில் இரண்டு மாதமாகக் காலையும் மாலையும் ஓடிய கணக்கு. துபாய் வாட்ச்சை மாற்றாமலே வந்துவிட்டான். எனக்குச் சட்டென்று தலையில் விளக்குப் போட்டதுபோல இருந்தது. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மாமனாரின் முன்னால் போய் நின்றேன்.

"மாமா, ராகுகாலம் மணியப் பாத்து வருதா, சூரியனப் பாத்து வருதா?"

"சூரியனப் பாத்துத்தான்" என்றார் மாமனார்.

"இவன் ராத்திரி வரைக்கும் துபாய் சூரியன்லதான இருந்தான்? காது நம்மூர்க் காதுதான், இல்லன்னு சொல்லல. ஆனா மடி துபாய்லருந்துல்லா வந்திருக்கு. மடிக்கு இன்னும் பதினொண்ணு ஆகல. மடிக்கு நல்ல நேரம் இருக்கா, இல்லையா?"

மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். தம்பி, "எக்கா, அது வந்து, என் வாட்ச்சு..." என்று ஆரம்பித்தான். நான் அவன் காலை நன்றாக மிதித்தேன்.

மாமனார் சிரிக்கவில்லை. தன் வாட்ச்சைப் பார்த்தார். விரலை மடக்கினார். அந்த நிமிடம் என் பிறந்த வீடே அவருடைய விரலில்தான் இருந்தது. அவர் நினைத்திருந்தால் ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஸ்டேஷனில் அறிவிப்புச் செய்யும் அதே குரலில் பேசினார். தறிச் சத்தம் இல்லாத இடத்திலும் அதே குரல்தான்.

"மருமவ சொல்லுதது சரி. வண்டி எந்த டயத்துக்குக் கெளம்புச்சோ அந்த டயத்துலதான் ஓடுது. நம்ம டயத்துக்கு மாத்துததுன்னா வீட்டுக்கு வந்து, கால் கழுவி, ஒரு வாய் சோறு தின்ன பொறவுதான். அதுவரைக்கும் இவன் துபாய் ஆளு. துபாய்ல இப்ப பத்து ஐம்பத்தி ரெண்டு. இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல கெடக்கு. ஆசாரி, நீரு எடும்வே ஊசிய!"

அர்ச்சகர் ஒரு கணம் யோசித்துவிட்டு, "எனக்கு நடை சாத்தறது மட்டும் இந்த ஊர் நேரம்" என்றார்.

தம்பி மணைப்பலகையில் உட்கார்ந்தான். ஈரத் துண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பிள்ளையை அவன் மடியில் வைத்தேன். அவள் அதுவரை பார்த்திராத மாமன். வீரிட்டாள். ஊசி காதைத் தொடுவதற்கு முன்பே அழுது முடித்துவிட்டாள். குத்தும்போது அழுவதற்கு அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. தம்பிதான் அழுதான். ஒரு கையால் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குத்திட்டீகளா? முடிஞ்சிட்டா?" என்று ஆசாரியிடம் கேட்டுக்கொண்டே இருந்தான். அண்ணன் தன் தட்டைக் கொண்டுவந்து பிள்ளையின் முன் வைத்துவிட்டு, "நானும் மாமாதான, ஒரு பழமாவது வாங்கிக்கோ தாயி" என்றார். அவர்மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அதில் போய்விட்டது. பந்தியில் அவருக்கு இரண்டு கரண்டி பாயசம் கூடுதலாகவே ஊற்றினேன்.

வீட்டில் பந்தி முடிந்தது. கரண்ட் போயிருந்ததால் தறி நின்று வீடு அமைதியாக இருந்தது. மாமனார் கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். தம்பி கடைசியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பிள்ளை காதில் மஞ்சளோடு அவன் முதுகில் சாய்ந்து தூங்கிவிட்டது. ரசம் ஊற்றக் குனிந்தவள், அவன் இடது கையைப் பிடித்துத் திருப்பினேன்.

"இங்க கொண்டா. மாமா சொன்ன மாதிரி ஒரு வாய் சோறு தின்னாச்சு. இந்தத் துபாய் வாட்ச்ச மொதல்ல மாத்துவோம்."

வாட்ச்சில் மணி இரண்டு. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அதிலும் இரண்டு.

"ஏலே, சரியாத்தானல ஓடுது!"

அவன் சோற்றைப் பிசைந்தபடி தலையைத் தூக்காமல் சொன்னான். "அதத்தான் கோயில்ல சொல்ல வந்தேன், நீ மிதிச்சிட்ட. நான் அத மாத்தவே இல்ல எக்கா. மாமா கட்டிவிட்டது கட்டிவிட்ட மாதிரியேதான் இருக்கு. அங்கன எல்லாரும் எறங்குனதும் முள்ளத் திருப்பிட்டானுவ. நான் திருப்பல. டூட்டிக்குப் போறப்ப, வாரப்ப, மணியப் பாத்து மனசுல ஒன்றரையக் கழிச்சிக்கிடுவேன். ரெண்டு வருசமாக் கழிச்சுக் கழிச்சே பழகிட்டு. இன்னைக்கு டாக்சியில தூங்கிட்டு, செங்கோட்டை தாண்டித்தான் வாட்ச்ச பாத்தேன். மேகம் வேற மூடிக்கெடந்துச்சு. அதுபாட்டுக்கு மனசு ஒன்றரையக் கழிச்சிட்டு. நெறைய நேரம் கெடக்கேன்னு டாக்சியக் குற்றாலத்துக்குத் திருப்பிட்டேன்."

"எதுக்குலே மாத்தாம வச்சிருந்த? தெனம் கணக்குப் போட்டுச் சாவதுக்கா?"

"மாத்தினா நீ இப்ப என்ன செய்துக்கிட்டு இருப்பன்னு எனக்கு எப்படித் தெரியும்? வாட்ச்ச பாத்தா, இப்ப அக்கா மாமாவுக்குக் காப்பி குடுப்பா, இப்ப தறிய நிப்பாட்டிருப்பாகன்னு நெனச்சிக்கிடலாம்லா. அங்கன நேரத்த வச்சு நான் என்ன செய்ய?"

ரசக் கரண்டி என் கையிலேயே இருந்தது. இரண்டு வருடமாக அவன் எங்கோ காஷ்மீர் தூரத்தில் இருக்கிறான் என்று நாங்கள் நூல் போட்டு அளந்துகொண்டிருந்தோம். அவனோ நான் காப்பி ஆற்றுகிற நேரத்துக்கே இருந்திருக்கிறான். எனக்கு அழுகைதான் வந்தது. இந்த முறை கூடவே ஆத்திரம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். போதும் போதும் என்றான். அதற்குமேலும் போட்டேன்.

கூடத்திலிருந்து மாமனார் எழுந்து வந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து, தன் வாட்ச்சோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நான் வச்ச டயம்லா" என்றார். பிறகு வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். அவர் குரல் அப்படித் தாழும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். "மடி நம்ம டயத்துலதான் இருந்துச்சுன்னு வெளிய தெரிய வேண்டாம். ஆசாரி வாய் சும்மா இருக்காது."

ஒரு மாதம் கழித்துத் தம்பி திரும்பப் போனான். வழியனுப்பும்போது, "அங்க போனதும் ஒழுங்கா முள்ளத் திருப்பி வையி. கழிக்கிற வேலையெல்லாம் வேண்டாம்" என்று நான் கண்டிப்பாகச் சொன்னேன். நன்றாகத் தலையாட்டினான்.

அடுத்த விடுமுறைக்கு அவன் வந்தபோது, மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவான் என்று இலை போட்டு உட்கார்ந்திருந்தோம். தென்காசியில் பஸ்ஸைத் தவறவிட்டு, ஒன்றரை மணி நேரம் பிந்தி வந்து சேர்ந்தான். மாமனார் வாயைத் திறந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் வாட்ச்சைப் பார்க்காமலே வெற்றிலையை எடுத்துக்கொண்டார். தம்பி கை கழுவும்போது அவன் வாட்ச்சைப் பார்த்தேன்; முள் மாமனார் வைத்த நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஆறிப்போன குழம்பை மறுபடி சுட வைத்தேன்.